முத்துமாரியின் பல்லுக்குக் கம்பி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக ஆரம்பிக்கவில்லை, நோட்டீசாக ஆரம்பித்தது. அச்சகங்களுக்கு வாசகம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. சிவகாசியில் பல் டாக்டர் ரோஷினி, 'பல் சீரமைப்பு: நோயாளிகளும் பெற்றோரும் அறிய வேண்டியவை' என்று ஒரு பக்கம் கேட்டார். பட்டாசுப் பெட்டிக்கு எழுதுகிற கைக்குப் பல்லைப் பற்றி எழுதவா தெரியாது என்று உட்கார்ந்தேன்.

பெற்றோர்களே! உங்கள் செல்வங்களின் புன்னகை—

வேண்டாம். எனக்கே பல் கூசுகிறது.

2

'பெற்றோர்' என்று எழுதும்போதெல்லாம் ஒருத்தி வந்து எதிரே நின்றாள். முத்துமாரி என்று பெயர் வைத்தேன். வயது முப்பத்தி நாலு. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் உதட்டைத் தள்ளிக்கொண்டு நிற்கும். (முதலில் இரண்டு பல் என்று எழுதினேன். கதைதானே, கஞ்சத்தனம் எதற்கு? நான்காக்கிவிட்டேன்.)

ஒன்பது வயது மகள் பாண்டிமீனாவுக்கும் பல் எடுப்பாக வருகிறதோ என்ற பயத்தில் டாக்டரிடம் கூட்டிப்போகிறாள்.

"இப்பவே வந்தது நல்லது. ஆனா இவளுக்கு இப்போ எதுவும் வேணாம். இன்னும் பால்பல் விழணும். வருஷம் ஒருதடவை காட்டுங்க, போதும்."

முத்துமாரி எழுந்திருக்கவில்லை. "எம்புட்டு வயசு வரைக்கும் கம்பி போடலாம் டாக்டர்?"

டாக்டர் அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தார். "ஈறும் எலும்பும் நல்லா இருந்தா வயசு தடையில்லம்மா. உங்களுக்கா?"

"சும்மா கேட்டேன்" என்றாள்.

(நோட்டீசுக்கு: கம்பி ஒன்றரை வருஷமோ இரண்டு வருஷமோ இருக்கும். இறுக்கிக் கட்டினால் சீக்கிரம் முடியும் என்று டாக்டரை அவசரப்படுத்தாதீர்கள். பல் தன் வேகத்தில்தான் நகரும். நெருக்கினால் வேர் கெடும்.)

3

சும்மா கேட்டவள் மறுநாள் கம்பெனி கேட்டில் போர்மேன் சுந்தரபாண்டியிடமும் சும்மா கேட்டாள்.

"தீப்பொறி பறந்துரும்னு ஆணி அடிச்ச செருப்பையே வெளிய போட்டுட்டு வரச் சொல்றோம். நீ வாய்க்குள்ள இரும்ப வச்சுக்கிட்டு மருந்து அறைக்குள்ள போவியா தாயி?" அவர் கேலி செய்யவில்லை. வெடிவிபத்தில் பல சாவுகளுக்குப் போய்வந்த மனிதர். "எதுக்கும் முதலாளிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."

அவள் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

4

புருசன் கருப்பணன் லோடு வண்டி ஓட்டுகிறவன். கெட்டவனாக எழுத எவ்வளவோ முயன்றேன், வரவில்லை. டாக்டர் சொன்னதை அவள் சிரிப்போடு சிரிப்பாகச் சொல்ல, அவனும் சிரித்தான்.

"பிள்ளைக்குன்னா சரி. உன்னைய இனிமே எவன் பொண்ணு பாக்க வரப்போறான்?"

"எப்படியும் கம்பெனியில விட மாட்டாகளாம்" என்றாள். வேண்டும் என்று வாயைத் திறக்காமலே வேண்டாம் என்று முடிந்துபோனதில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அழுகையும் வந்தது.

(நோட்டீசுக்கு: கம்பியைக் கழற்றியபின் பல்லை அதே இடத்தில் பிடித்து வைக்கிற ரீட்டெய்னர் போட்டே ஆகவேண்டும். போடாவிட்டால் பல் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு போய்விடும்.)

5

இங்கே கதையை முடித்திருந்தால் பழியைக் கம்பெனி கேட்டின் மேல் போட்டுவிட்டு நான் தப்பித்திருப்பேன். சுந்தரபாண்டி விடவில்லை.

"ஏத்தா முத்து, முதலாளிட்ட கேட்டுட்டேன். கல்லுலயும் தரையிலயும் உரசுற இரும்புதான் ஆகாதாம். பல்லோட ஒட்டிக் கெடக்குறது ஒண்ணும் செய்யாதுன்னுட்டாக. தாராளமாப் போட்டுக்கோ."

(முதலாளி சொன்னது சரியா என்று என்னிடம் கேட்காதீர்கள். இது கதை, பாதுகாப்பு விதிப் புத்தகம் இல்லை.)

முத்துமாரிக்கு ஒளிந்துகொள்ள இருந்த ஒரே இடமும் போய்விட்டது.

6

அன்று சாயங்காலம் கருப்பணன் சாப்பிட உட்கார்ந்திருக்கிறான். அவள் சொல்லவேண்டியதை நான் எழுதிப் பார்க்கிறேன்.

"ஏங்க, இப்படியே விட்டா பின்னாடி மெல்ல முடியாதுன்னு டாக்டரு—"

பொய். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை.

"ஏங்க, பிள்ளைக்குப் போடும்போது அவளுக்குத் துணையா நானும்—"

அதற்கு இன்னும் வருஷங்கள் கிடக்கின்றன.

"ஏங்க, போர்மேன் அண்ணாச்சியே போட்டுக்கச் சொல்லி—"

அண்ணாச்சிக்கு இதில் என்ன வேலை?

சாக்குகளையெல்லாம் கோடு போட்டு அடித்த பிறகு தாளில் ஒரே வாக்கியம் மிஞ்சியது: "எனக்கு ஆசையா இருக்கு." பிள்ளைக்காகவும் வீட்டுக்காகவும் எத்தனையோ கேட்டவள் இப்படி ஒரு வாக்கியத்தை இதுவரை சொன்னதில்லை. எழுதினேன்; பிறகு அதையும் அடித்தேன். நான் எழுதிக்கொடுத்து அவள் சொன்னால் அது என் ஆசையாகிவிடும்.

கருப்பணன் தட்டில் இன்னும் இரண்டு வாய்ச் சோறு இருக்கிறது. கையைக் கழுவினால் வண்டிக்குப் போய்விடுவான். அவள் ரசத்தை ஊற்றிவிட்டு நிற்கிறாள். உங்களுக்கு அவளைத் தெரியும். உங்கள் வீட்டிலேயே இருப்பாள். சொல்லுவாளா?