வினிகர் கொதிக்கும் வரை

கிரிசாந்தா காலையிலிருந்து தலையாட்டிப் பொம்மையாகிவிட்டிருந்தாள். கல்யாணம் என்று ஒன்று நடந்தால் டிசம்பரில்தான் என்றார் பெண் மிலாவின் அப்பா டெல்பின், சரி என்றாள். விருந்துக்கு இரண்டு பன்றி போதாது, மூன்று வேண்டும் என்றார், அதற்கும் சரி. படகுக்காரன் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று மகன் ரெனாட்டோவைக் குத்திக் காட்டினார். அதற்குமா சரி என்பாள் ஒரு தாய்? சொன்னாள். எதற்கும் மறுத்துப் பேசாதே என்று மகன் கெஞ்சி அழைத்து வந்திருந்தான்.

பத்தங்காஸ் மாகாணத்தில் பெண் கேட்டுப் போனால் பிள்ளை வீட்டார்தான் சமைத்துப் போட வேண்டும். பெண்ணின் அப்பா சாப்பிட்டால் சம்மதம். டெல்பின் ஊர்த் தலைவர். ஏற்கெனவே இரண்டு வீட்டாரை, அவர்கள் கொண்டுவந்த சோற்றைத் தொடாமலே திருப்பி அனுப்பியவர். மூன்றாவதாக ரெனாட்டோவும் அப்படித் திரும்பினால் மிலாவை மறந்துவிட வேண்டியதுதான்.

ஒட்டிக்கொண்டு வாழட்டும் என்று ஒட்டரிசியும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துக் கிண்டிய பீகோவை வீட்டிலேயே செய்து, வாழை இலையில் பரப்பிக் கொண்டுவந்திருந்தாள். அடோபோ கறிக்குழம்பை மட்டும் டெல்பின் வீட்டு அடுப்பிலேயே ஏற்றினாள். பன்றிக்கறி, பூண்டு, மஞ்சள். தென்னங்கள்ளில் செய்த வினிகரை அப்போதுதான் ஊற்றியிருந்தாள்.

டெல்பின் சமையலறைக்குள் வந்தார். சட்டியை எட்டிப் பார்த்தார், கரண்டியை எடுத்தார், உள்ளே விடப் போனார்.

கிரிசாந்தாவின் கை அவளைக் கேட்காமலே பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"கிண்டாதீங்க தலைவரே. கொதி வர்றதுக்கு முன்னாடி கரண்டி பட்டா வினிகரோட பச்சை வாடை போகவே போகாது."

"இது என் வீடும்மா."

"வீடு உங்களுது. சட்டி என்னுது."

வாசற்படியில் நின்ற ரெனாட்டோவின் முகம் வெளுத்துப்போனது. அவனுக்குப் பின்னால் மிலா வாயைப் பொத்திக்கொண்டாள். கிரிசாந்தா காலையெல்லாம் விழுங்கிய அவமானம் அத்தனையும் வீண். ஒரு சட்டிக் குழம்புக்காகப் பெற்ற பிள்ளையின் வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்டுவிட்டாள். ஆனாலும் கையை விடவில்லை. விட்டால் அவர் கிண்டிவிடுவார், கறி கெட்டுவிடும்.

டெல்பின் கையை உதறவில்லை. சட்டியையே பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"காலையிலேர்ந்து எதைச் சொன்னாலும் சரி சரின்னீங்க. உங்க பையனைக் குத்திப் பேசினேன், அதுக்கும் சரின்னீங்க. நாளைக்கு அவன் எம்பொண்ணை ஏதாவது சொன்னா, அதுக்கும் இப்படித்தான் தலையாட்டுவீங்களோன்னு எனக்கு பயமாப் போச்சு. தாயில்லாத பொண்ணும்மா அது."

சட்டியின் ஓரத்தில் ஒரு குமிழி எழுந்தது. பிறகு நாலைந்து. மூக்கைத் துளைத்த புளிப்பு நெடி மெல்ல அடங்கி, கறி மணம் எழுந்தது.

டெல்பின் அவள் பக்கம் திரும்பினார்.

"இப்பக் கிண்டலாமா, சம்பந்தியம்மா?"

அவள் கையை விட்டாள்.