வெட்டி எடுத்த பாதிப் படம்

1

இந்தக் கதை தி.நகரில் என் கையில் திணிக்கப்பட்ட ஒரு நோட்டீஸிலிருந்து வந்தது. 'நியூரோபெப்டைடு மூக்குத் துளிகள்: மூளை தன் குப்பையைத் தானே பெருக்கும்!' படித்துச் சிரித்தேன். வீட்டில் ஒருவருக்குக் கை நடுங்கியிருந்தால் சிரித்திருப்பேனா என்று உறுத்தியது. அதனால் பொன்மணி வந்தாள்.

முதல் வரி: பொன்மணியின் கணவன் பாலுவின் மூளைக்குள் மெல்ல இருள்...

வேண்டாம். நோயை இருள் என்று எழுதுகிறவனை நான் நம்புவதில்லை.

2

பாலு ஆட்டோ ஓட்டியவன். பார்கின்சன் வந்து வலது கை நடுங்கியதும் வண்டியை விட்டான். பொன்மணி ஜவுளிக்கடையில் புடவை பிரித்துக் காட்டுகிறவள். அந்த நோட்டீஸை நம்பித் துளி போட ஆரம்பித்த மூன்றாம் வாரம், பாலு டீ டம்ளரைச் சிந்தாமல் தூக்கினான்.

"பாத்தியா? கை எப்டி நிக்குது!"

"மாத்திரையும் போட்டுக்கினுதானேய்யா கீற?"

"வர்ற திங்கக்கெழமலேர்ந்து அத நிறுத்தச் சொல்ட்டாரு, துளி குடுத்த டாக்டரு. இதுவே போதுமாம்."

பொன்மணிக்கு அங்கேதான் சுருக்கென்றது.

[நீங்கள் மருத்துவரைச் சந்தேகிப்பீர்கள். நான் பாலுவையும் சந்தேகிக்கிறேன். நடுக்கம் குறைந்ததா, பெண்டாட்டி பார்க்கிறாளே என்று டம்ளரை இறுக்கிப் பிடித்தானா?]

3

நோட்டீஸில் ஒரு வரைபடம், மேலேறும் ஒரு கோடு. அடியில் பொடி எழுத்தில் ஜுவேரியா என்ற ஆய்வாளரின் பெயரும் அடையாறு ஆய்வகம் ஒன்றின் பெயரும். பொன்மணி லீவு போட்டுவிட்டு அங்கே போனாள்.

"என் படம்தான்க்கா. பாதிய வெட்டிட்டாங்க" என்றாள் ஜுவேரியா. "செல்லுக்குள்ள கெட்டுப்போன புரதம் சேரும். அத செல்லே உடைச்சுத் தின்னும். தன்னுண்ணல்னு பேரு.* நியூரோபெப்டைடுன்னா நரம்பு சுரக்கிற சின்னச் சின்னப் புரதத் துண்டுங்க. அதுல சிலது அந்த வேலையத் தூண்டுது. ஆய்வுத் தட்டுல வளர்த்த செல்லுல பார்த்தேன்."

"வெட்டுன பாதில இன்னா கீது?"

"அளவு கூடினப்போ செல்லே செத்துப்போச்சு."

பொன்மணி நோட்டீஸை மடித்தாள். "கறை கீற பக்கத்த உள்ள மடிச்சிட்டு நானும் பொடவ காட்டிக்கீறேன்மா."

"நாளைக்கு இது மருந்தாகலாம்க்கா. அதுக்குத்தான் உழைக்கிறேன். ஆனா மனுஷங்களுக்கு இன்னும் குடுத்துப் பாக்கல. அந்த பாட்டில்ல என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது. மாத்திரைய மட்டும் நிறுத்த விடாதீங்க."

* பழுதைத் தின்னும்போது நல்லதை எப்படி விட்டுவைக்கும் என்று இங்கே ஒரு கேள்வி எழுதி வைத்திருந்தேன். ஜுவேரியா பதில் சொல்வதற்குள் பொன்மணி எழுந்துவிட்டாள்.

4

முடிவு அ: பாலு கேட்டுக்கொண்டான், துளியைச் சாக்கடையில் ஊற்றினான். (நான் நிம்மதியாகத் தூங்குவதற்காக எழுதியது. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: பாலு மாத்திரையை நிறுத்தினான், உடம்பு கட்டையாக இறுகி... (பயமுறுத்துவது சுலபம். இதையும் அடித்துவிட்டேன்.)

ஜுவேரியா சொன்னதைப் பொன்மணி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். பாலு கத்தவில்லை.

"மூணு வாரமா, நல்லாயிடுவேன்னு நெனச்சிக்கினு எழுந்தேன் பொன்மணி. அதயும் புடுங்கிக்கினியா?"

திங்கட்கிழமை காலை. அவன் முன்னால் மாத்திரையும் தண்ணீரும். துளி பாட்டில் பாலுவின் சட்டைப்பையில். அவன் கை மெல்ல எழுந்து...

இந்த வாக்கியத்தை நான் முடித்தால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். முடிக்கப் போவதில்லை. அவன் கேட்டதற்குப் பொன்மணி இன்னும் பதில் சொல்லவில்லை. எனக்கும் அந்தப் பதில் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.