வர எல்லை

"உங்கை நிக்காதை! இஞ்சாலை வா! கல்லு, கல்லு!"

மதுரா போட்ட சத்தத்தில், ஒழுங்கையால் பாட்டுப் போட்டுப் பாண் விற்றுக்கொண்டு போன பாண்காரர் ஓட்டோவை நிறுத்திவிட்டார். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னையோ தங்கச்சி?" என்றார்.

"இல்லையண்ணை, வள்ளத்தை."

அவர் முற்றத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் கையிலிருந்த போனைப் பார்த்தார். "கடல் அந்தப் பக்கமெல்லோ" என்று சொல்லிவிட்டுப் பாட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டு போனார்.

போன் திரையில் பெருவிரல் நகமளவு வள்ளம் ஒன்று மூக்கைத் திருப்பி, கல்லை விலத்திக்கொண்டு கரைப்பக்கமாக வந்துகொண்டிருந்தது. மதுராவுக்குக் கதிரையிலிருந்து எழும்பி நின்று பார்க்கவேண்டும் போலிருந்தது. அவளும் அண்ணன் கஜானனும் சேர்ந்து தொடங்கிய விளையாட்டு அது. வள்ளத்தில் இருப்பவனுக்குக் கல் தெரியாது. கரையில் நிற்பவளுக்குக் கல் தெரியும், ஆனால் சுக்கான் அவள் கையில் இல்லை. குரல் மட்டும்தான் இருக்கிறது. குரல் வராவிட்டால் வள்ளம் நீரோட்டத்தோடு இழுபடும். விளையாட்டை ஓட்டும் இயந்திரமும், பேச்சை எழுத்தாக்கும் கருவியும், எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி மூலத்தையும் திறந்து வைத்து இலவசமாகக் கொடுத்தவை. கருவிக்குத் தமிழும் தெரிந்திருந்தது. ஆனால் அது கடலுக்கு அந்தப் பக்கத்து இந்தியத் தமிழ். இங்கேயும் அங்கேயும் அதற்கு விளங்கும். கேட்கிறவனுக்குப் பக்கத்தில் இருப்பதைச் சொல்கிற 'உங்கை' விளங்காது. 'உங்கை நில்' என்றால் 'எங்கே நில்' என்று எழுதிவிட்டு யோசிக்கும். அதற்குள் வள்ளம் கல்லில் ஏறிவிடும். அண்ணன் படமாகக் கீறிக் கொடுத்த நீல வள்ளத்தை அவள் எத்தனை தரம் அப்படி உடைத்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

"இண்டைக்குத் தப்பிட்டுது அப்பா" என்றாள்.

அப்பா பரமலிங்கம் சைக்கிளை எடுத்துக்கொண்டு நெல்லியடிக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். "நாங்கள் கதைக்கிறது உதுக்கு விளங்குதெண்டால், கொம்மாவுக்கும் ஒருக்காப் பூட்டிப் பார் பிள்ளை" என்றார்.

"எனக்கு எல்லாம் விளங்குது. விளங்காத மாதிரி இருக்கிறதாலைதான் உந்தாள் சோறு தின்னுது" என்று குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. அப்பா சைக்கிள் மணியை அடித்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் யதுசன் அழைத்தான். உரும்பிராயிலிருந்து விளையாட்டுக்கு ஓசை செய்து கொடுப்பவன், அவளோடு கம்பஸில் படித்தவன்.

"மதுரா, நீர் இண்டைக்கு மெயில் பாத்தனீரோ? உம்மைப் பற்றி எழுதியிருக்கினம்."

நிரல் எழுதுபவர்கள் உலகமெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிற செய்திமடல் அது. அவளுடைய திருத்தத்தைக் கருவியின் மூலத்தோடு சேர்த்துவிட்டார்களாம். அதைப் பற்றி ஒரு பத்தி.

"தலைப்பைக் கேளும். 'ஒரு மொழியின் இல்லையைக் காப்பாற்றிய ஒற்றை வரி.' எப்பிடி?"

"சும்மா புளுகாதையும்."

"நான் ஏன் புளுகிறன்? கனடாவிலை இருந்தெல்லாம் எங்கடை சனம் இறக்கிப் போடுதுகளாம். இனி நீர் எங்களோடை கதைப்பீரோ தெரியாது."

சிரித்துக்கொண்டே போனைத் துண்டித்தாள். வள்ளத்தை மறுபடி கடலில் விட்டு, போனை முக்காலியில் சாத்திவிட்டு, மடிக்கணினியைத் திறந்து அந்தப் பத்தியை வாசித்தாள். பிறகு கீழே இருந்த பாராட்டுகள் எல்லாவற்றையும் வாசித்தாள். அண்ணனுக்கு அனுப்பவேண்டும் என்று நினைத்தாள். அந்த ஒற்றை வரி அவனால் வந்ததுதான்.

கஜானன் படிக்கவென்று போன நாட்டின் பெயர் அம்மாவின் வாயில் வராது. உருளைக்கிழங்கு நாடு என்பா. படிப்பைப் பற்றி அவன் ஒன்றும் சொல்வதில்லை. அனுப்புகிற படங்களில் எல்லாம் கிழங்குதான் குவிந்து கிடக்கும். கிழங்கு கழுவுகிற கொட்டிலில் ஈரக் கையுறையோடு போனில் தட்டமுடியாது. அதனால் பேசுவான், போன் எழுதும். பேசுகிறதையே அப்படியே குரலாக அனுப்பினால் என்ன என்று மதுரா ஒருநாள் கேட்டாள். "குரல் வந்தால் அம்மா கண்டுபிடிச்சிடுவா" என்றான். என்னத்தைக் கண்டுபிடிப்பா என்று அவள் கேட்கவில்லை. எழுத்துக்கு நடுக்கம் இல்லை. எழுத்து இருமாது, மூக்கை உறிஞ்சாது.

போன மாரியில் ஒருநாள் அம்மாவின் போனுக்கு அவனுடைய எழுத்து இப்படி வந்தது: 'நான் இன்னும் வர எல்லை வந்தா பிறகு எடுக்கிறேன்.'

அம்மா அப்படியே நிலத்தில் குந்திவிட்டா. "எல்லைக்குப் போறானாம். எல்லை வந்தாப் பிறகு எடுக்கிறானாம். ஐயோ, காட்டுக்காலை போறானடி!" ஒழுங்கையில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் அப்படிக் காட்டு வழியால் களவாக எல்லை கடக்கப் போனவர்கள். ஒருவன் பிரான்சில் இருக்கிறான். மற்றவனைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை. அம்மா செருப்புப் போடாமல் அம்மன் கோயிலுக்கு ஓடினா. அவ திரும்பி வருவதற்குள் கஜானன் அழைத்தான். அறைக்கு வந்து சோறு வைத்துவிட்டுத்தான் எடுத்தானாம். அவன் சொன்னது வேறொன்றுமில்லை: 'நான் இன்னும் வரேல்லை. வந்தாப் பிறகு எடுக்கிறன்.' வரவில்லை என்கிற எங்கள் 'வரேல்லை'யைப் போன் 'வர எல்லை' என்று பிரித்துப் போட்டிருந்தது.

அன்றிலிருந்து அது வீட்டுப் பகிடியாகிவிட்டது. பஸ் பிந்தினால் அப்பா "இன்னும் வர எல்லை" என்பார். அவருக்குச் சோறு பிந்தினால் அம்மா "இன்னும் அவிய எல்லை" என்பா. மதுரா மட்டும் சிரித்து முடித்துவிட்டுக் கருவியின் மூலத்தைத் திறந்தாள். வினைச்சொல்லுக்குப் பின்னால் 'எல்லை' வந்தால் அதைச் சேர்த்து எழுது: வரேல்லை, போகேல்லை, சாப்பிடேல்லை. ஒரே ஒரு வரி. பிறகுதான் உங்கை, இஞ்சாலை எல்லாம் படிப்பித்தாள். அதை ஒரு செயலியாகக் கட்டி முதலில் அண்ணனின் போனில்தான் ஏற்றினாள். செயலியில் ஒரு பெட்டி இருந்தது. அதில் சரி போட்டால் பேசியவரின் குரல் துண்டு துண்டாக மதுராவின் சேமிப்புக்கு வரும்; கருவி அதைக் கேட்டு இன்னும் படிக்கும். கஜானன் சரி போட்டான். "என்ரை குரல் வேணுமெண்டால் எடு. ஆனா நீ கேளாதை. மெசின் கேக்கட்டும்" என்றான். கேட்கமாட்டேன் என்று சொன்னாள். கேட்கவில்லை.

"மது, அண்ணை போட்டிருக்கிறான். கண்ணாடியைக் காணேல்லை, வாசி."

அம்மா நாகேஸ்வரி ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை நீட்டினா. மதுரா உரக்க வாசித்தாள்.

"இரவு நித்திரை இல்லை, விடியேல்லை கடந்தா பிறகு எடுக்கிறன், யோசிக்காதேங்கோ."

"பாவம், இரவு வேலை போலை. அங்கை இன்னும் விடியேல்லையாம். படுத்துக் கிடந்தெழும்பினாப் பிறகு எடுக்கிறானாம்."

"கடந்தா எண்டு கிடக்கம்மா."

"உன்ரை மெசினுக்குக் கிடந்தாவும் கடந்தாவும் ஒண்டுதானே." போனை வாங்கிக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பிய அம்மா சிரித்தா. "நல்ல காலம், இந்தமுறை எல்லையொண்டும் இல்லை."

மதுராவும் சிரித்தாள்.

எல்லை ஒன்றும் இல்லை. எப்படி இருக்கும்? அவள்தானே அதை எடுத்துவிட்டாள்.

மடிக்கணினியில் அந்த வரியைத் திறந்தாள். அதற்கு மேலே அவளே எழுதி வைத்த குறிப்பு இருந்தது: இந்தச் சொல் அன்றாடப் பேச்சில் வராது. எழுதும்போது மீன் சந்தையையும் பஸ்ஸையும் குசினியையும்தான் நினைத்திருந்தாள். மீன் வாங்குகிற யார் எல்லையைப் பற்றிக் கதைக்கப்போகிறார்கள்? குசினிக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. மடிக்கணினியின் ஒலிவாங்கிக்குக் கிட்டக் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "விடிய எல்லை கடந்தாப் பிறகு எடுக்கிறன்."

திரை எழுதியது: விடியேல்லை கடந்தா பிறகு எடுக்கிறன்.

மறுபடியும் குனிந்தாள். "இன்னும் விடியேல்லை. கிடந்தாப் பிறகு எடுக்கிறன்." கிடந்தா என்று சரியாக எழுதியது. கொஞ்சம் விரைவாக, வாய் குளிரில் விறைத்தவன் போலச் சொல்லிப் பார்த்தாள். கடந்தா என்று எழுதியது. இரண்டு பேச்சுக்கும் கருவி எழுதியது ஒன்றுதான். அங்கே இப்போது விடிந்திருக்காது, அது உண்மை. விடிந்த பிறகு எல்லையைக் கடக்கப்போகிறான் என்றாலும் அதுவும் இப்போது சொல்லக்கூடியதுதான்.

கஜானனை அழைத்தாள். போன் நிறுத்தப்பட்டிருந்தது. வேலைக்குள் நிறுத்தித்தான் வைப்பான். படுத்தாலும் நிறுத்துவான். இன்னொரு தரம் அழைத்தாள். போனைத் திரும்ப முக்காலியில் சாத்தியதும், வள்ளம் விட்ட இடத்திலிருந்து மிதக்கத் தொடங்கியது. பிறகு மடிக்கணினியில் அவனுடைய பழைய எழுத்துகளை மேலே தள்ளிக்கொண்டு போனாள். 'அறைப் பெடியள் பிரான்சுக்குப் போயிட்டாங்கள் நான் போகேல்லை.' 'காசு பிரச்சினை இல்லை விசா இன்னும் தரேல்லை.' 'ஒருத்தரும் சொல்லேல்லை அம்மாட்டை சொல்லாதை.' ஒவ்வொரு 'ஏல்லை'யும் இப்போது நடுவில் வெடித்த சுவர் போல இருந்தது. எதை நம்பலாம்? நான் போகேல்லை என்றானா, நான் போக எல்லையில் யாரோ நிற்கிறார்கள் என்று ஏதாவது சொல்லத் தொடங்கினானா? போன மாதமெல்லாம் அவன் சொன்ன ஒவ்வொரு இல்லையையும் அவளே எழுதிக் கொடுத்தது போலிருந்தது. மடிக்கணினியின் மூலையில் யதுசனின் செய்தி எட்டிப் பார்த்தது: 'நோர்வே ஆக்களும் இறக்கினமாம். பார்ட்டி எப்ப?' அவளுக்கு அந்தப் போன்களை எல்லாம் ஓடிப்போய்ப் பறிக்கவேண்டும் போலிருந்தது.

சேமிப்பைத் திறந்தாள். அண்ணனின் குரல்கள் வரிசையாகக் கிடந்தன. கடைசியாக வந்தது எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

"ஆரோடையடி எல்லை எண்டு கதைச்சனி?"

அம்மா பின்னால் நின்றா. தண்ணீர் சத்தம் எப்போது நின்றதென்று மதுராவுக்குத் தெரியவில்லை. பகிடி என்று சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தாள். அம்மாவின் முகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. சொன்னாள். ஒரு வரி, அது செய்கிற வேலை, கடந்தா, நிறுத்தியிருக்கிற போன். எல்லாவற்றையும் தலையைத் தூக்காமல் சொன்னாள். அம்மா இந்தமுறை குந்தவில்லை, கோயிலுக்கு ஓடவும் இல்லை. இன்னொரு கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டா.

"அப்ப அவன் கதைச்சது உதுக்குள்ளை கிடக்கோ?"

"ஓம்."

"போடன் கேப்பம்."

"கேக்கமாட்டன் எண்டு சொன்னனான் அம்மா."

"நீதானே சொன்னனி. நான் சொல்லேல்லை."

மதுரா காதுக்குழாயின் ஒரு முனையைத் தன் காதிலும் மற்றதை அம்மாவின் காதிலும் வைத்தாள். அம்மாவுக்கு அது நிற்கவில்லை. இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டா. துண்டைத் திறந்ததும் ஒலிக்கு முன்னால் அதன் அலைக் கீறல் மேடும் பள்ளமுமாகத் திரையில் விரிந்தது. இத்தனை நாளில் கீறலைப் பார்த்தே பேச்சைப் பிரிக்க மதுரா பழகியிருந்தாள். பேச்சின் பெரிய மேடு கடைசியில்தான் இருந்தது. அதற்கு முன்னால் நீளத்துக்கு, ஒரே அளவில், ஒன்றன்பின் ஒன்றாகச் சின்னச் சின்ன மேடுகள். கிழங்கு விழுகிற தொட்டியும் அப்படித்தான் தட்டும். நடக்கிற காலும் அப்படித்தான்.

அழுத்தினாள்.

முதலில் மூச்சு. மூச்சுக்குக் கீழே மெல்ல ஏதோ நொறுங்குகிற சத்தம். நின்று, மறுபடி நொறுங்கியது. இன்னும் சொல் எதுவும் வரவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, எதிரே நிற்கிறவனைக் கையமர்த்துகிறவ போல மற்றக் கையைக் காற்றில் நீட்டினா.

"உங்கையே நில்லப்பு" என்றா. "உங்கையே நில்லு."

முக்காலியில் சாத்தியிருந்த போனில், நீரோட்டத்தோடு கல்லை நோக்கி இழுபட்டுக்கொண்டிருந்த நீல வள்ளம் அதைக் கேட்டது. மூக்கைத் தூக்கி, இருந்த இடத்திலேயே நின்று, மெல்ல ஆடத் தொடங்கியது.