சுருட்டுக்குக் கிடைத்த காற்று

எங்கள் வீட்டில் நிம்மதியாக மூச்சு விடத் தகுந்த அறை ஒன்றே ஒன்றுதான். அதில் என் மாமனாரின் சுருட்டுகள் குடியிருந்தன.

கிழக்கே ஒரு ஜன்னல், தெற்கே ஒரு ஜன்னல். இரண்டையும் பலகை அடித்து மூடி, சுவர் முழுக்க வாசனை மரத்தில் தட்டுகள் போட்டு, பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருந்தார். காற்று அளவாக வந்து போக மேலும் கீழும் சின்னத் துவாரங்கள், ஒரு குட்டி மின்விசிறி, ஈரத்துக்குத் தண்ணீர்த் தட்டுகள். சுங்க அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சுருட்டெல்லாம் அந்தக் காலத்தில் வந்த அன்பளிப்பு. யார் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்டால் மட்டும் அவருக்குக் காது கேட்காது. புகைப்பதும் எப்போதாவதுதான். வைத்துக்கொண்டு பார்ப்பதில்தான் சுகம்.

நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் ஏழு வயது மகளும் பின்பக்க அறையில் இருந்தோம். குளியலறைச் சுவரை ஒட்டிய அறை. ஜன்னல் என்ற பெயரில் இருந்த ஓட்டையைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் முதுகு. சுண்ணாம்பு உப்பி உதிரும், கட்டிலுக்குப் பின்னால் சுவரில் பூசணம் பூத்துக் கிடக்கும், எத்தனை முறை தேய்த்துக் கழுவினாலும் திரும்ப வரும். குட்டிக்கு மூச்சு இழுக்கும்போதெல்லாம் அவளை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டு நானும் கூடவே இழுப்பேன், ஏதோ என் மூச்சு அவளுக்குப் போய்ச் சேரும் என்பதுபோல.

"முதல்ல இந்தப் புள்ளைய வெயிலும் காத்தும் வர்ற ரூமுக்கு மாத்துங்க. அப்புறம்தான் மருந்து வேலை செய்யும்" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் மாமனாரிடம் கேட்டேன். கையெடுத்துக் கும்பிடாத குறை.

"ஏம்மா, சுருட்டுன்னா என்னன்னு நினைச்சே? அது உயிருள்ள இலை" என்றார். "ஈரம் அதிகமானா பூசணம் பிடிக்கும். குறைஞ்சா வெடிச்சிடும். காத்து வரணும், ஆனா அடிக்கக் கூடாது. உங்க ரூம்ல கொண்டுபோய் வெச்சா ஒரே மாசத்துல செத்துடும்."

"அந்த ரூம்லதான் மாமா உங்க பேத்தி படுத்திருக்கா."

"குழந்தைக்கு மருந்து இருக்கு. இதுக்கு என்ன இருக்கு?"

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கல்லுளிமங்கன் மாதிரி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் வாயாலேயே தன் சுருட்டைத் தானே கெடுத்துவிட்டதாகச் சொல்ல வைக்க வேண்டும், அதுவும் நாலு பேர் முன்னால், என்று அங்கேயே கறுவிக்கொண்டேன்.

வழியும் அவரே காட்டியதுதான். சுருட்டு அறையைத் துடைப்பது என் வேலை. சுவரில் வட்டமாக ஒரு பித்தளை மீட்டர் தொங்கும். அதில் ஈரத்தைக் காட்டும் முள் எழுபதில் நிற்க வேண்டும். காலையில் எழுந்ததும் மாமனார் மனித முகத்தில் விழிக்க மாட்டார், அந்த முள்ளின் முகத்தில்தான் விழிப்பார். மீட்டருக்குப் பின்னால் முள்ளைச் சரிசெய்ய ஒரு சின்னத் திருகாணி உண்டு. ஒருநாள் பெருமையாக எனக்கே திருகிக் காட்டியிருந்தார்.

கரண்டிக் காம்பால் அதைத் திருகினேன். அறையில் ஈரம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் முள் அறுபதுக்கு இறங்கிப் படுத்துக்கொண்டது.

"ஐயையோ, காயுதே!" என்று மாமனார் அலறியதைக் கேட்டுக்கொண்டே அடுப்பங்கரையில் நிம்மதியாகக் காய் நறுக்கினேன்.

தட்டுகளில் தண்ணீர் நிரப்பினார். புதிதாக இன்னும் சில தட்டுகள் வாங்கி வைத்தார். முள் அரும்பாடுபட்டு எழுபதைத் தொட்டதும் மறுபடி கொஞ்சம் திருகினேன். கடைசியில் அவருக்குத் துவாரங்கள் மேல் சந்தேகம் வந்தது. ஈரமெல்லாம் அது வழியாகத்தான் ஓடிவிடுகிறது என்று முடிவுகட்டி, அகலமான டேப் வாங்கி வந்தார்.

"ஏம்மா, இந்த ஸ்டூலைக் கொஞ்சம் பிடி."

பிடித்தேன். "கீழ இருக்கிறதையும் அடைச்சிடலாமா மாமா?"

"அடை, அடை. நல்லா அழுத்தி ஒட்டு."

நல்லா அழுத்தி ஒட்டினேன். விசிறியை அவரே நிறுத்தினார். பாவம் என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. குட்டியை மட்டும் அந்தக் கதவுப் பக்கமே அண்ட விடாமல் பார்த்துக்கொண்டேன்.

சில வாரங்கள் போயிருக்கும். மாமனார் உள்ளேயிருந்து கூப்பிட்ட கூப்பாட்டில் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். மாட்டிக்கொண்டோம் என்றுதான் நினைத்தேன். அவரோ ஒரு சுருட்டை இரண்டு விரலில் ஏந்தி, பல்லெல்லாம் தெரிய நின்றார். அதன் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"மாவும்மா! நல்லா வயசான சுருட்டுலதான் இலையோட எண்ணெய் இப்படி மாவா வெளிய வரும். கோடி கொடுத்தாலும் கிடைக்காது. என் கைப்பக்குவம், பாத்தியா?"

நான் பார்த்தேன். எங்கள் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் தினமும் பார்க்கிற அதே பூசணம்.

"ரொம்ப அழகா இருக்கு மாமா. நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டலாமே" என்றேன்.

கூப்பிட்டார். கூட வேலை பார்த்த இரண்டு பேர், ஒரு ஓய்வு பெற்ற நீதிபதி, வழக்கமாக இவர் போய் வம்பளக்கிற சுருட்டுக் கடைக்காரர். மாமனார் கலியாண வீட்டுக்காரர் மாதிரி முன்னால் நடந்து போய்க் கதவைத் திறந்தார். குப்பென்று ஒரு வாடை. நீதிபதி கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். நான் துடைக்கிற துணியோடு வாசலில் நின்றேன். இதைத் தவற விடுவேனா?

கடைக்காரர் ஒரு சுருட்டை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். மாவாக இருந்தால் உதிர்ந்திருக்கும். இது விரலில் பச்சையாக அப்பியது. பிய்த்துப் பார்த்தார். உள்ளேயும் அதே கதை.

"சார், இது மாவு இல்ல. பூசணம்."

"நல்லாப் பாருய்யா."

"நல்லாப் பாத்துட்டேன் சார். எல்லாம் போச்சு." தலையைத் தூக்கித் துவாரங்களைப் பார்த்தார். "காத்துப் போற வழியை எந்த முட்டாள் சார் அடைச்சது?"

மாமனார் தான் ஒட்டிய டேப்பை அண்ணாந்து பார்த்தார். "நான்தான்" என்றார்.

கூட வேலை பார்த்தவர்களில் ஒருவர்தான் முதலில் சிரித்தார். "ஆபீஸ்ல எல்லாரையும் மூச்சு முட்ட வெச்ச கையில்லையா, பழக்கம் விடல." மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். மாமனாருக்கு முகத்தில் அசடு வழிந்தது. எனக்கு உச்சந்தலை வரை குளிர்ந்தது. பொய் சொல்வானேன், அப்படி ஒரு சந்தோஷம் என் கலியாணத்தன்றுகூட எனக்கு இருந்ததில்லை.

தட்டு, பெட்டி, மீட்டர் என்று மொத்தத்தையும் குப்பை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். ஈரம் போக வேண்டுமென்று கடைக்காரரே ஜன்னல் பலகைகளைப் பிடுங்கிப் போட்டார். வெயில் உள்ளே வந்தது. மாமனார் தன் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "அந்த ரூமை நீங்களே எடுத்துக்கங்க. எனக்கு அதைப் பாக்கவே பிடிக்கல" என்றார். அவர் மனம் மாறுவதற்குள் சுவரைச் சுரண்டி, கழுவி, வெள்ளையடித்து, நன்றாகக் காய விட்டு, குட்டியின் கட்டிலை இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் போட்டேன். அவள் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தேன். இழுப்புச் சத்தம் இல்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு வேறொரு அவஸ்தை. செய்தது நான் என்று அவருக்குத் தெரியாது. யார் அடித்தது என்று தெரியாத அடி என்ன அடி? சொல்லிவிட வேண்டுமென்று நாக்கு துறுதுறுத்தது. ஆனால் வீடு அவர் பேரில் இருக்கிறது. ரோஷம் வந்தால் மறுநாளே அந்த ஜன்னல்களில் பலகை ஏறும். வாயைக் கட்டிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பத்தோடு வந்தாள். நான் டீ எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வரும்போது, மாமனார் சலவைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

"பேத்தி மூச்சு விட முடியாம கிடக்குறா. எனக்கு மனசு கேக்குமா? எத்தனை வருஷமா சேத்தது! ஒரே நாள்ல தூக்கிப் போட்டுட்டேன். புள்ளையைவிடச் சுருட்டா பெருசு?"

தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் தன் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தார். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குட்டி ஓடிப்போய் அவர் மடியில் ஏறினாள்.

"எனக்காகவா தாத்தா?"

"உனக்காகத்தான்டா கண்ணு."

அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் கள்ளமே இல்லை. சொன்ன பொய்யைத் தானே நம்பிவிட்டிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தட்டை அவர் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது.

"எங்கப்பா மாதிரி ஒரு மாமனார் கிடைக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும் அண்ணி. இல்லையா? சொல்லுங்க" என்றாள் நாத்தனார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குட்டி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு கலகலவென்று சிரித்தாள். முன்பெல்லாம் இவ்வளவு சிரித்தால் இருமல் வந்துவிடும். இன்று வரவில்லை.

"ஆமா, குடுத்துதான் வெச்சிருக்கேன்" என்றேன். டீயை முதலில் அவருக்குத்தான் கொடுத்தேன்.