சுகமான ஒருவர்

யூஜினாவுக்கு இந்த ஆராய்ச்சியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். கொட்டாஞ்சேனையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் கால் கடுத்தது. தம்பி கிளைவ் கேட்டதால்தான் வந்தாள். மனச்சோர்வு பிடித்து வருஷக்கணக்காகச் சுவரைப் பார்த்துக் கிடந்தவன், இன்று தானாகவே எழும்பிச் சவரம் செய்திருந்தான். "என்ர மூளை எனக்குத்தான் உதவேல்ல, ஆருக்காவது உதவட்டும் அக்கா" என்றான். அவன் எதற்காவது ஆசைப்பட்டு எவ்வளவு காலம்!

ஆராய்ச்சிக்கு ஜோடியாக ஆள் வேண்டும். வருத்தக்காரர் ஒருவர், கூடப்பிறந்த சுகமான ஒருவர். இரண்டு மூளையையும் ஸ்கான் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். ஒருவர் சரிவராவிட்டால் மற்றவரையும் எடுக்கமாட்டார்கள்.

கிளைவ் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் டொக்டர் நிருஷா யூஜினாவிடம் கேள்விகளைத் தொடங்கினாள்.

"நல்லா நித்திரை வருதா அக்கா?"

"ஓம், படுத்தாப் போதும்."

"சாப்பாட்டில விருப்பம்?"

"அதுக்கென்ன குறை!"

பச்சைப் பொய். ஆனால் யூஜினா திணறவேயில்லை. தம்பியோடு எத்தனை கிளினிக் ஏறி இறங்கியவள்! எதற்கு என்ன சொன்னால் சுகமான ஆள் என்று எழுதுவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. தன் களைப்பைச் சொல்லி இப்போது யாருக்கு என்ன லாபம்?

"காரணமில்லாம அழுகை வருமா?"

"எனக்கா? அழ எங்க டொக்டர் நேரம்?" சிரித்தும் காட்டினாள்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து கிளைவின் குரல் வந்தது.

"டொக்டர், அக்கா பொய் சொல்றா. குசினிக்க பைப்பத் திறந்துவிட்டுட்டு அழுறவ. ஒவ்வொரு நாளும்."

யூஜினா சட்டென்று திரைப் பக்கம் திரும்பினாள். "டேய், வாயை மூடடா! உனக்கென்ன தெரியும்?"

திரையை விலக்கிக்கொண்டு அவன் வெளியே வந்தான்.

"நான் படுத்துத்தானே கிடந்தன் அக்கா. காது கேக்காமலா கிடந்தன்?"

நிருஷா பேனையை மேசையில் வைத்தாள். "கிளைவ், அப்ப உங்களையும் சேர்க்கேலாமப் போகும். தெரியுந்தானே?"

"தெரியும்." ஆசை இன்னும் அவன் முகத்தில் அப்படியே இருந்தது. பாவம், மறைக்கத் தெரியாதவன். ஆஸ்பத்திரி உடுப்பின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினான்.

"அது கிடக்கட்டும் டொக்டர். அக்காவுக்கு எண்டைக்குக் கிளினிக்? நான் கூட்டிக்கொண்டு வாறன்."