தையல்காரி திருத்திய முயல் வலை

காலையில் கணவர் வேலைக்குக் கிளம்பியதும் தையல்காரி முதலில் தொடுவது தையல் மெஷினை அல்ல, முயல் வலையை. ஆணியில் தொங்கும் வலையை எடுத்துக் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டி, ஒவ்வொரு முடிச்சாக விரலால் இழுத்துப் பார்ப்பாள். இறுகிய முடிச்சு அசையாது. சரியாக விழாத முடிச்சு நூலோடு வழுக்கிக்கொண்டு போகும். பக்கத்து வலைக்கண் பெரிதாகிவிடும். அதை அவிழ்த்து, கண்ணின் அளவு மாறாமலிருக்க அளவுப் பலகையை வைத்து, வலை ஊசியால் அவளே புதிதாகப் போடுவாள். அதற்குப் பிறகுதான் சீருடைத் துணியும் கத்தரிக்கோலும்.

அவள் கணவரை எல்லோரும் வலைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பகலில் மரக்கடையில் பலகை சுமப்பவர். மாலையில் வாசலில் உட்கார்ந்து, தோட்டங்களில் புகுந்து நாற்றைக் கடிக்கும் முயல்களைப் பிடிக்க வலை பின்னுவார். கடையில் விற்கிற மெஷின் வலையைவிட அவர் கைவலைக்குத்தான் மவுசு. ஒரு காலத்தில் அந்த மவுசு முழுக்க அவருடையதுதான், பொய் சொல்லக் கூடாது. பிறகு வலை ஊசிக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் வந்து உட்கார்ந்தது. முதல் கிளாஸ் வரை முடிச்சு ஒழுங்காக விழும். அதற்கு மேல் முடிச்சும் தள்ளாடும், ஆளும் தள்ளாடுவார்.

தளர்ந்த முடிச்சை முதன்முதலில் பார்த்த அன்று அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. நாலு பேர் சிரித்தால் மனுஷன் உடைந்து போவாரே என்ற பயம். தானே சரிசெய்து வைத்தாள். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று அவளுக்கும் தெரியும். அழகாகப் பரிமாறிவிட்டால் யார் கிளறிப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாள், பாவம்.

அப்படியிருக்கும்போதுதான் அவள் அண்ணன் வந்தார். குத்தகை நிலத்தில் பீன்ஸ் போட்டிருந்தார். முளைத்ததையெல்லாம் முயல் தின்றுவிட்டதால் மறுபடி விதைத்து, இப்போதுதான் தளிர் விட்டிருந்தது. இதுவும் போனால் குத்தகையை விட்டுவிட வேண்டியதுதான் என்றார். புதருக்கும் தோட்டத்துக்கும் நடுவே கட்ட நீள வலை ஒன்று வேண்டுமாம். பேசிக்கொண்டே பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். மாப்பிள்ளை கைக்கு மரியாதையாம்.

வலைக்காரருக்கு முகமெல்லாம் பல். "ரெண்டு கிளாஸ் உள்ள போனாத்தான் மச்சான், விரல் சும்மா பேசும். இவகிட்ட கேட்டுப் பாருங்க, இதுவரைக்கும் ஒரு முடிச்சு நழுவியிருக்கா?"

"உங்களுக்கென்ன மாப்பிள்ளை, குடிச்சாலும் கை சுத்தம்" என்றார் அண்ணன்.

தையல்காரிக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் அவள் விரல் தேய்ந்தது எதற்கு? குடி ஒன்றும் செய்யாது என்று இவர் மார்தட்டுவதற்கா? அவள் போட்ட முடிச்சுக்குப் பரிசாக அவள் புருஷனுக்கே பாட்டில் வந்து சேர்ந்திருக்கிறது. இதைவிடக் கூத்து உண்டா!

அந்த நீள வலையை அவள் தொடவில்லை. சும்மா இருந்துவிட்டாளா என்றால் அதுவும் இல்லை. தினமும் காலையில் வலைப் பக்கம் போவாள், அண்ணனின் பீன்ஸ் தளிரை நினைப்பாள், கை பரபரக்கும். கூடப்பிறந்தவன் பிழைப்பில் மண்ணைப் போடுகிறோமே என்று தன்னையே திட்டிக்கொள்வாள். ஆனாலும் மெஷினில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

வலை பின்னி முடிந்த மறுநாள், விடிந்தும் விடியாத நேரத்தில் மூன்று பேரும் சேர்ந்து அண்ணனின் நிலத்தில் வலையைக் குச்சி நட்டுக் கட்டினார்கள். அண்ணன் தோட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து தகரத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். மேய்ந்துகொண்டிருந்த முயல்கள் புதரைப் பார்த்து ஓடிவந்தன. ஓரத்தில் ஒன்று வசமாகச் சிக்கியது. மற்றவை வலையின் நடுவில் மோதின. முடிச்சுகள் வழுக்கின, வலைக்கண்கள் வாய் பிளந்தன. ஒவ்வொன்றாக நுழைந்து வெளியேறிப் போயே போய்விட்டன.

அண்ணன் மூச்சிரைக்க வந்து, வலையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

வலைக்காரர் முந்திக்கொண்டார். நூல் சரியில்லை, நூல் வாங்கி வந்தது இவள்தான் என்று மனைவியைக் கை காட்டினார்.

அவள் சத்தம் போடவில்லை. "நூல் அதே நூல்தான். இத்தனை நாளா நீங்க தப்பாப் போட்டதை எல்லாம் காலையில நான் அவுத்துத் திரும்பப் போட்டேன். இந்தத் தடவை போடல. என்னை மன்னிச்சிரு அண்ணா, தெரிஞ்சேதான் விட்டேன்."

வலைக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இப்போது ஒரு சொட்டு குடிக்கவில்லை, என் கையைப் பார் என்று பையில் கொண்டுவந்திருந்த வலை ஊசியையும் அளவுப் பலகையையும் எடுத்துக் கிழிந்தாற்போலக் கிடந்த இடத்தில் உட்கார்ந்தார். அளவுப் பலகை மேல் நூலைச் சுற்றப் போனார். கை நடுங்கியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி சுற்றினார். நூல் பலகையில் நிற்கவே இல்லை. குளிர் என்று சொல்லப் பார்த்தார். குளிர் இல்லை என்பது அங்கே இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

ஊசியை மடியில் போட்டார். "கொஞ்ச நாளாவே இப்படித்தான். சாயங்காலம் குடிச்சாத்தான் நடுக்கம் நிக்குது. பயமா இருக்கு" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

அண்ணன் அவர் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார். பாட்டில் வாங்கிக் கொடுத்த தன்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும் என்றார். மிச்சம் இருக்கிற தளிரைக் காவல் இருந்தாவது காப்பாற்றிக்கொள்கிறேன், முதலில் மாப்பிள்ளையைக் கவனிப்போம் என்றார்.

வலைக்காரர் ஊசியை மனைவியிடம் நீட்டினார். இந்த ஒரு தடவை மட்டும் போட்டுக் கொடு என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. ஊசியை வாங்கவில்லை, அவர் கையைப் பிடித்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு இப்பவே போலாம், எத்தனை நாளானாலும் நான் கூட இருக்கேன். ஆனா முடிச்சு போட மாட்டேன். குடிக்கிறவங்க தப்பை வீட்டுல இருக்கிறவங்க மூடி மூடி வெச்சா, அது பாசம் இல்லைங்க. அடுத்த கிளாஸை நாமளே ஊத்திக் குடுக்கிறதுதான்."