மூன்றாவது கசிவு

சஜீவன் முதல்தரம் வந்தபோது சிவகரன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டியது. கிளிநொச்சியில் திருத்தும் கடை வைத்திருக்கும் சஜீவன் உருத்திரபுரத்துக்கு வந்து, குழாய் பூட்டும் இடத்தில் வெடித்திருந்த றப்பர் வளையத்தை மாற்றினான். நிமிர்ந்தபோது சிவகரனின் மனைவியைக் கண்டான்.

"சாரங்கா! நீயே?"

இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அன்று சாரங்கா சிரித்த சிரிப்பைக் கலியாணம் கட்டிய பத்து வருடத்தில் சிவகரன் கேட்டதில்லை.

இரண்டாம் தரம் மெசினின் வாயால் நுரை பொங்கி வழிந்தது. "சவர்க்காரத் தூளைக் குறைச்சுப் போடு. உனக்கு எப்பவும் எல்லாம் அள்ளிக்கொட்ட வேணும்," என்றான் சஜீவன். தேத்தண்ணீர் குடித்து முடிய அரைமணித்தியாலம் ஆனது. வயலுக்குப் போகவேண்டிய சிவகரன் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவர்கள் கதைத்த ஆசிரியர்களையும் பட்டப்பெயர்களையும் அவனுக்குத் தெரியாது. தன் வீட்டிலேயே விருந்தாளி போல இருந்தான்.

மூன்றாம் தரம் மெசினின் அடியிலிருந்து கசிந்தது.

"சஜீவனுக்குக் கோல் எடுக்கட்டே?" என்று கேட்டாள் சாரங்கா.

"அவன் ஒண்டைப் பூட்டி இன்னொண்டைக் கழட்டி விட்டிட்டுப் போறான். திரும்பி வாறதுக்கு அது ஒரு சாட்டு."

அவள் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, படிப்பிக்கிற முன்பள்ளிக்குப் புறப்பட்டுப் போனாள்.

சிவகரன் திருப்புளியை எடுத்து மெசினின் கீழ்மூடியைத் திறந்தான். உள்ளே நின்ற தண்ணீர் முழுவதும் ஒரேயடியாகப் பாய்ந்தது. மூடியைத் திரும்பப் பூட்டப் பார்த்தான், புரி பிடிக்கவில்லை. தண்ணீர் குசினியைக் கடந்து அறைக்குள் போனது. நிரந்தர நியமனத்துக்கு விண்ணப்பிக்கவென்று சாரங்கா பிளாஸ்ரிக் பையிலிருந்து எடுத்துப் பிரித்த சான்றிதழ்கள், அலுமாரியடியில் மட்டைப்பெட்டிக்குள் இருந்தன. அவன் தூக்கியபோது பெட்டியின் அடி கழன்று விழுந்தது.

மத்தியானம் அவள் வந்தாள். மெசின் தானாகவே வெடித்ததென்று சொல்லத்தான் அவன் நினைத்திருந்தான். அவள் முகத்தைக் கண்டதும் முடியவில்லை.

"நான்தான் திறந்தனான். அவன் இனி வரக்கூடாதெண்டு நினைச்சன்."

சாரங்கா ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தாள். அவள் படித்த பள்ளிக்கூடத்து அதிபர் கையால் எழுதிய நற்சான்றிதழ். நீலமை முழுவதும் கரைந்திருந்தது.

"சண்டை நேரம் கடலேரிக்குள்ளாலை கழுத்தளவு தண்ணியிலை வரேக்கை தலைக்கு மேலை தூக்கிப் பிடிச்சனான். அப்ப நனையேல்லை," என்றாள். "என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

பின்னேரம் அவளே அழைக்க, சஜீவன் வந்தான். மெசினின் அடியில் விரலை விட்டு நெல்மணிகளையும் உமியையும் ஒரு துருப்பிடித்த ஆணியையும் இழுத்தெடுத்து, சிவகரனின் கையில் வைத்தான்.

"வயல் உடுப்பின்ரை பொக்கற்றுக்குள்ளை இருந்து வந்தது, அண்ணை. தண்ணி போற வழி அடைபட்டுத்தான் கசிஞ்சிருக்கு."

சிவகரன் அவற்றைக் கைக்குள் பொத்திக்கொண்டான்.

போகத் திரும்பிய சஜீவன், காற்றாடியின் கீழ் விரித்திருந்த தாளைக் கண்டு நின்றான். "இது எங்கடை சேரின்ரை எழுத்தல்லோ?"

"ஓம்," என்றாள் சாரங்கா.

அந்த அதிபர் கடைசி யுத்தத்தில் செத்துப்போனவர். இருவரும் பேசாமல் நின்றார்கள். அந்த மௌனத்துக்குள்ளும் தனக்கு இடமில்லை என்று சிவகரனுக்குத் தெரிந்தது. அவர்கள் சிரித்ததைவிட அது அவனைக் கூடுதலாகச் சுட்டது.

அடுத்தநாள் பரீட்சைச் சான்றிதழின் பிரதிக்கு விண்ணப்பிக்க சிவகரனும் சாரங்காவும் மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சிக்குப் போனார்கள். அதிபரின் கடிதத்துக்குப் பிரதி இல்லை. வாய்க்கால் பாலம் தாண்டும்வரை பொறுத்திருந்துவிட்டு சிவகரன் கேட்டான்:

"அந்தச் சேர் எப்பிடிப்பட்ட ஆள்?"

"பத்து வருசத்திலை இப்பதான் கேக்கிறியள்," என்றாள் சாரங்கா. பிறகு சொல்லத் தொடங்கினாள்.

அவன் வேகத்தைக் குறைத்தான்.